சிவப்புப் புள்ளி வைத்த இரண்டு போல்ட்டுகள்

என் பெரிய மாமாவைப் பட்டறைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைமிங் என்பார்கள். கார் என்ஜினில் டைமிங் செயின் மாற்றுவதில் அவர் கைதேர்ந்தவர் என்பது ஒரு காரணம். எந்த இடத்துக்கும் அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை என்பது இன்னொரு காரணம். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர். வழியில் யாருடைய வண்டியோ நின்றுபோயிருந்ததாம். பானெட்டைத் திறந்து பார்க்காமல் தாண்டி வர மனம் வரவில்லையாம். “புதுச் சட்டையில கிரீஸோட வந்து நின்னாரு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்,” என்று அத்தை இன்றைக்கும் சொல்வாள்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். பட்டறை அவருடையது. அம்மாவைக் கட்டிய பிறகு அப்பாவும் அங்கேயே சேர்ந்துகொண்டார். வேலை செய்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. இரண்டு கார்கள் ஒன்றையொன்று உரசாமல் நிற்கலாம், மூன்றாவது வந்தால் வாசலில் நிற்க வேண்டும். மூலையில் ஒரு மின்விசிறி இருந்தது. அது தலையைத் திருப்பும், ஆனால் ஒரு பக்கம் போனால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் சிக்கும் என்பதைப் பற்றித்தான் இருவருக்கும் தினமும் சண்டை.

“மாப்ள, பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எங்க?”

“நீங்க அதுமேலதான் உக்காந்திருக்கீங்க மச்சான்.”

“அதான் குத்துதேன்னு பார்த்தேன்.”

அவர்கள் பேச்சு இப்படித்தான் போகும். காலையில் தொடங்கினால் கடை சாத்தும்வரை.

டைமிங் செயின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினுக்குள் கீழே ஒரு தண்டு சுற்றுகிறது, அது பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே இன்னொரு தண்டு சுற்றுகிறது, அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு வழிவிட வேண்டும். விடாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும், வால்வு வளைந்துவிடும், அதோடு என்ஜின் கதை முடிந்தது. மேலும் கீழும் ஒத்துப்போவதற்காக இரண்டு தண்டுகளையும் ஒரு செயின் இணைக்கிறது. செயின் தொய்ந்துபோகாமல் டென்ஷனர் என்ற சின்னப் பாகம் அதைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கிறது. அந்த டென்ஷனரை என்ஜினோடு பிடித்து வைப்பவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு முன்னால் ஒரு அலுமினிய கவர். கவரை மாட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் பட்டறையில் ஒரு முறை வைத்திருந்தார்கள். கவருக்குள் போகும் ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் கையால் திருகி உட்கார வைப்பார்கள். அதற்குப் பெயர் ‘போட்டாச்சு’. பிறகு டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியான அளவுக்கு இறுக்குவார்கள்; அளவு வந்ததும் ரெஞ்ச் ‘டக்’ என்னும். இறுக்கிய கையோடு போல்ட்டின் தலையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பார்கள். அதற்குப் பெயர் ‘முடிச்சாச்சு’. மாமாவின் புள்ளி சிவப்பு, அப்பாவின் புள்ளி நீலம். யார் இறுக்கியது என்று பிறகு சந்தேகம் வராது. நகப்பூச்சு வாங்கித் தருவது அம்மாவின் வேலை. கடையில் நீல நிறம் கேட்கும்போது அவர்கள் தன்னை ஒரு மாதிரி பார்ப்பதாக அம்மா புலம்புவாள். “எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத்தான்னு சொன்னா இன்னும் மோசம்,” என்பாள்.

மாமாவின் அப்பா, அதாவது என் தாத்தா, கடைசிக் காலத்தில் நினைவு தவறிப்போனவர். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, சாப்பாடு எப்போது என்று கேட்பார். மாமாவைப் பார்த்து, “நீங்க யாரு, வண்டி விடவா வந்தீங்க?” என்று மரியாதையாக விசாரிப்பார். குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, இரவில் கதவைத் திறந்துகொண்டு போகாமல் காவல் இருந்தது எல்லாம் மாமாதான். தாத்தா போன பிறகு மாமா ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாராம்: “சாவு வந்தா வரட்டும். இது மட்டும் எனக்கு வரக் கூடாது.”

இனி டாக்சிக்காரர். அவர் எங்கள் பகுதியிலேயே வாடகைக் கார் ஓட்டியவர். நன்றாகப் பேசுவார், நன்றாகப் பேரம் பேசுவார். முதல் தடவை அவர் வண்டியில் செயின் சத்தம் போட்டபோது புதுச் செயினை அவரே எங்கிருந்தோ வாங்கி வந்தார். மாமா அதைக் கையில் வாங்கி, ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்த்தார்.

“இதை எங்க புடிச்ச? சைக்கிளுக்குக் கூடத் தாங்காது போலிருக்கே.”

“அண்ணே, உங்க கை பட்டா எல்லாம் தாங்கும்.”

“என் கை என்ன பசையா?” என்று சொல்லிக்கொண்டே மாமா மாட்டிக் கொடுத்தார். டென்ஷனர் போல்ட்டுகளை இறுக்கிச் சிவப்புப் புள்ளி வைத்தார்.

மாமா சொன்னதுதான் நடந்தது. அந்தச் செயின் சீக்கிரமே நீண்டுபோய், உள்ளேயே அடித்து அடித்து, கவரின் உட்புறத்தை அரைத்து ஓட்டை போட்டுவிட்டது. எண்ணெய் ஒழுகிக்கொண்டே வண்டி திரும்பி வந்தது. இந்த முறை செயினும் புதிது, கவரும் புதிது, வாங்கியது மாமா. டென்ஷனரும் அதன் இரண்டு போல்ட்டுகளும் நன்றாக இருந்ததால் கழற்றி வைத்து, திரும்பவும் அவற்றையே மாட்டுவதாக முடிவு செய்தார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரே வண்டிக்கு இரண்டு முறை செயின் வேலை நடந்தது அதுதான் முதல் தடவை. வெளியே இருக்கும் போல்ட்டுகளில் வைத்த புள்ளிகள் தண்ணீரும் தூசியும் பட்டு அழிந்துவிடும். கவருக்குள் இருப்பது எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும், அழியாது, நிறமும் மங்காது. துணியால் ஒரு துடை துடைத்தால் நேற்று வைத்தது போல் இருக்கும். பழைய புள்ளியை அழித்துவிட்டுத்தான் போல்ட்டைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று ஒரு விதி அவர்களிடம் இல்லை. அப்படி ஒரு தேவை வந்ததே இல்லை.

அன்றைக்கு மாமா புதுச் செயினை மாட்டினார். செயினின் நிறக் கண்ணிகள் மேல் பல்சக்கரத்தின் குறிக்கும் கீழ்ப் பல்சக்கரத்தின் குறிக்கும் நேராக வந்து நின்றன. டென்ஷனரை வைத்து இரண்டு போல்ட்டுகளையும் கையால் திருகினார். டார்க் ரெஞ்சை எடுக்கத் திரும்பும்போது தெருமுனையில் ஹாரன் சத்தம். யாரோ ஒருவரின் கார் நடுரோட்டில் நின்றுபோய், பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. அவர்தான் அப்படி நிற்கும் வண்டியைப் பார்த்தால் பொறுக்காதவர் ஆயிற்றே. “டென்ஷனர் போட்டாச்சு மாப்ள, பார்த்துக்க,” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அப்பா அடுத்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து, என்ஜினைத் துணியால் துடைத்தார். இரண்டு போல்ட்டுகளிலும் சிவப்புப் புள்ளி பளிச்சென்று இருந்தது. டென்ஷனரைச் சுருக்கிப் பிடித்திருந்த ஊசியை இழுத்துச் செயினை இறுக வைத்தார். என்ஜினைக் கையால் சுற்றிக் குறிகளைச் சரிபார்த்தார். எல்லாம் ஒத்துவந்தது. கவரின் விளிம்பில் பசை போட்டு மூடினார். மாமா திரும்பி வந்தபோது கவர் போல்ட்டுகளில் வரிசையாக நீலப் புள்ளி. அதைப் பார்த்துவிட்டு மாமா கை கழுவப் போய்விட்டார்.

வண்டி சில வாரங்கள் ஓடியது. டாக்சிக்காரர் வழியில் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கையை உயர்த்திக் காட்டுவார்.

பிறகு ஒரு நாள், மேட்டுச் சாலையில் ஆளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். என்ஜின் ஒரு முறை இடித்தது போல் சத்தம் போட்டு அணைந்துவிட்டது. என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் கேட்கும், பிறகு பெடல் இறுகிப்போய், எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. வளைவில் வண்டி திரும்பவில்லை. கல் சுவரில் போய் மோதியது. அவர் உயிர் பிழைத்தார். வலது முழங்கால் நொறுங்கிப்போயிற்று. கம்பி வைத்துக் கட்டினார்கள். இனி அந்தக் கால் மடங்காது, பெடலை மிதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டியை இழுத்து வந்து பட்டறையில் போட்டார்கள். மாமா வேறு யாரையும் தொட விடவில்லை. தானே கவரைக் கழற்றினார். ஒரு போல்ட் உள்ளே அடியில் விழுந்து கிடந்தது. இன்னொன்று இரண்டு புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. டென்ஷனர் சாய்ந்திருந்தது, செயின் பல் தாண்டியிருந்தது. மாமா விழுந்த போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். புரி புதுசு போல் இருந்தது, ஒரு கீறல் இல்லை.

“இது கழலல மாப்ள. இதை இறுக்கவே இல்ல.”



மாமா போல்ட்டைத் திருப்பித் தலையைப் பார்த்தார். “சிவப்பு. என் புள்ளி.” கொஞ்சம் கழித்துச் சொன்னார்: “இறுக்காமலே புள்ளி வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல மாப்ள. ரெஞ்சைக் கையில எடுத்தேனா இல்லையா, எதுவுமே வரல.”

அப்பா குனிந்து, கழற்றிய கவரை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

அன்று சாயங்காலமே மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்சிக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “தப்பு என்னோடது. எங்கப்பாவுக்கு வந்த சீக்கு எனக்கும் வந்துடுச்சு தம்பி. புத்தி தவறிப்போச்சு,” என்றார். டாக்சிக்காரர் வலியில் இருந்தார். ஆனாலும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சீக்குன்னா யார் என்ன பண்றது? நீங்க முதல்ல உடம்பைப் பாருங்கண்ணே,” என்றாராம்.

அதற்குப் பிறகு மாமா பட்டறைக்குப் போகவில்லை. அத்தை வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அங்கே கடிகாரம் வரையச் சொன்னார்கள், சில சொற்களைச் சொல்லிச் சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வயதுக்கு உரிய மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். “எங்கப்பாவுக்கும் முதல்ல இதையேதான் சொன்னாங்க,” என்று மாமா எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் அவர் இருந்த விதத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அடுப்பை அணைப்பார். கூடத்துக்கு வருவார். திரும்பப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பார். சாப்பிட்டு முடித்ததும் அத்தையிடம், “நான் சாப்பிட்டேனா?” என்பார். அத்தையின் முகம் வெளிறிப்போகும்.

“இப்பதானே சாப்பிட்டீங்க!”

“தெரியும். எனக்குத் தெரிஞ்சது சரிதானான்னு பார்த்தேன்.”

காலையில் கண் விழித்ததும் தன் பெயர், அத்தையின் பெயர், அம்மாவின் பெயர் எல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பார். ஸ்பேனர் பிடித்த கை தொடைமேல் சும்மா கிடக்கும். அவர் வீட்டுக்குப் போனால் என்னையும் பரீட்சைக்கு இழுப்பார். “போன தடவை நீ வந்தப்போ என்ன சட்டை போட்டிருந்த? பச்சைதானே?” பச்சைதான். ஒரு நாளும் தவறாகச் சொன்னதில்லை. சரியாக இருந்தாலும் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஒரு போல்ட்டை மறந்தவன் இதை மறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பார்.

பட்டறை மட்டும் நடந்துகொண்டிருந்தது. விபத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் யாரும் வண்டி விடவில்லை. பிறகு அப்பா விசாரிப்பவர்களிடம் குரலைத் தாழ்த்தி, “மச்சானுக்கு முன்ன மாதிரி இல்லைங்க. ஞாபகம் போயிடுச்சு. இப்ப எல்லாம் நான்தான் பார்க்கிறேன்,” என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். வண்டிகள் திரும்ப வந்தன.

இது எத்தனை காலம் போயிருக்குமோ தெரியாது. ஒரு நாள் அம்மாவின் கைப்பை ஜிப் போய்விட்டது. புதுப் பைக்குச் சாமான்களை மாற்றுவதற்காகப் பழையதைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். சில்லறை, ஊக்கு, மாத்திரை அட்டை, அவற்றோடு காலியாகி உள்ளே காய்ந்துபோன ஒரு சிவப்பு நகப்பூச்சுப் பாட்டில். அம்மா அதைக் கையில் எடுத்தாள். எதிரில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன்.

“இது அண்ணனோடது,” என்றாள்.

“என்னது?”

“அண்ணனோட பாட்டில். தீர்ந்துபோச்சு, இதே கலர் பார்த்து வாங்கிட்டு வான்னு குடுத்தாரு. நான் பையில போட்டுட்டு மறந்தே போயிட்டேன், அடுத்த வாரம் அவரு கேட்டப்புறம்தான் புதுசு வாங்கிக் குடுத்தேன்.” அவள் யோசித்தாள். “டாக்சி வேலைக்கு முந்தின நாள். ஆமா, அன்னைக்குத்தான். புதுக் கவர் வந்துடுச்சு, நாளைக்கு மாட்டணும்னு சொல்லிக்கிட்டே குடுத்தாரு.”

அப்பா தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

“அப்போ அன்னைக்கு அண்ணன்கிட்ட சிவப்பே இல்லையே. எதால புள்ளி வெச்சாரு?”

“வேற ஏதாவது இருந்திருக்கும்.”

“என்ன வேற? நகப்பூச்சு வாங்கறது நான். வேற எங்கேயிருந்து வரும்? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க.”

அப்பா தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாதவர் போல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சொன்னார்: “அது பழைய புள்ளி. முதல் தடவை மாட்டினப்போ வெச்சது.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“மூடும்போது தெரியாது. சத்தியமாத் தெரியாது. புள்ளியப் பார்த்தேன், முடிச்சிட்டாருன்னு நினைச்சேன்.”

“எப்ப தெரிஞ்சது?”

“திறந்து பார்த்த அன்னைக்கு. மச்சான் என் புள்ளின்னு சொன்னாரு பாரு, அப்ப அவரு அன்னைக்கு ஓடும்போது சொன்னது மறுபடி காதுல கேட்டுச்சு. ‘போட்டாச்சு’ன்னுதான் சொன்னாரு. ‘முடிச்சாச்சு’ன்னு சொல்லல. இறுக்க வேண்டியது நான்.”

அம்மா பாட்டிலை மேசையில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“எங்கண்ணன் காலையில எந்திரிச்சு என் பேரைச் சொல்லிப் பார்த்துக்கறாரு. மறந்துடுச்சான்னு. உங்களுக்குத் தெரியும்ல?”

“பட்டறையை மூடியிருப்போம்டி. ஒருத்தருக்குச் சீக்குன்னா சனம் பாவம்னு மறுபடி வரும். ரெண்டு பேரும் கவனிக்காம ஒருத்தன் காலை வாங்கிட்டாங்கன்னா எவன் வருவான்? உன்னையும் புள்ளையையும் நினைச்சேன்.”

“எங்க தலையில கட்டாதீங்க,” என்றாள் அம்மா. “எந்திரிங்க. கை கழுவிட்டு வாங்க.”

மூவரும் மாமா வீட்டுக்குப் போனோம். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தொடக்கத்தில் வார்த்தை வரவில்லை, பிறகு நிறுத்த முடியவில்லை. பழைய புள்ளி, தான் துடைத்துப் பார்த்தது, ஊசியை இழுத்தது, எல்லாம். அத்தை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், வந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? அதே வார்த்தையச் சொல்லு.”

“டென்ஷனர் போட்டாச்சு மாப்ள, பார்த்துக்க.”

“முடிச்சாச்சுன்னு சொல்லல?”

“இல்ல மச்சான்.”

“ரெஞ்சை எடுக்கத் திரும்பினேன். ஹாரன் சத்தம் கேட்டுச்சு,” என்றார் மாமா மெதுவாக. “அப்ப எனக்கு ஞாபகம் வராததுக்குக் காரணம், நான் அதைச் செய்யவே இல்ல. செய்யாததை எப்படி ஞாபகம் வெச்சுக்க முடியும்?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு அடங்கியது. “வந்ததும் நான் கேட்டிருக்கணும். கவர் மாட்டியிருந்துச்சு, நீலப் புள்ளி இருந்துச்சு, கை கழுவப் போயிட்டேன். அது என் தப்பு. அது எனக்கு ஞாபகம் இருக்கு பாரு.”

“மச்சான், என்னை நாலு அறை அறைஞ்சிருங்க.”

“அடிச்சா உனக்கு லேசாயிடும்,” என்றார் மாமா. “அதெல்லாம் முடியாது.” அத்தையிடம் சட்டையை எடுத்துவரச் சொன்னார். “வா. அந்தப் பையன்கிட்டப் போவோம். நோயாளின்னு பொய் சொல்லி மன்னிப்பு வாங்கி வெச்சிருக்கேன். அதைத் திருப்பிக் குடுக்கணும்.”

“பொய்யா? நீங்க நிஜம்னு நினைச்சுத்தானே சொன்னீங்க?” என்றாள் அம்மா.

“இப்ப நிஜம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே.”

டாக்சிக்காரர் இப்போது டாக்சி நிறுத்தத்தில் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து, போனில் வரும் சவாரிகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். மடங்காத காலை ஒரு ஸ்டூல்மேல் நீட்டியிருந்தார். மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்கண்ணே, என்னை அடையாளம் தெரியுதா? ஞாபகம் வெச்சு வந்திருக்கீங்களே,” என்று குழந்தையிடம் பேசுவது போல் பேசினார்.

மாமா சொன்னார். அப்பா சொல்ல வேண்டியதை அப்பா சொன்னார். நடுவில் போன் அடித்தது. டாக்சிக்காரர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. வெளியே நின்ற டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அப்போ உங்களுக்கு ஒண்ணுமில்ல?” என்று மாமாவிடம் கேட்டார்.

“ஒண்ணுமில்ல தம்பி.”

“நான் தினம் உங்களை நினைச்சுக்குவேன். என் கால்தான் போச்சு, அவருக்குப் புத்தியே போச்சேன்னு. எம் பொண்டாட்டி கேஸ் போடச் சொன்னா. பாவம்டி, அவரே நொந்துபோயிருக்காருன்னு அவளைத் திட்டினேன்.” அவர் ஸ்டூல்மேல் கிடந்த காலைத் தடவிக்கொண்டார். “அப்பவே சொல்லியிருந்தா உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியாவது இருப்பேன்யா. அதையும் எங்கிட்டேயிருந்து புடுங்கிட்டீங்களே.”

“இப்ப திட்டு,” என்றார் அப்பா.

“உங்கிட்ட எனக்குப் பேச்சே இல்ல.” மாமாவைப் பார்த்து, “நீங்க சொல்ல வந்தது நல்லதுதான். போயிட்டு வாங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க,” என்றார். பிறகு மறுபடி அடிக்கத் தொடங்கிய போனை எடுத்து, எங்கே ஏற வேண்டும், எத்தனை பேர் என்று கேட்கத் தொடங்கினார்.

திரும்பி வரும் வழியில் பட்டறைத் தெரு முனை வந்ததும் அப்பா நின்றார்.

“நாளைக்கு வந்துடுங்க மச்சான். எல்லாம் பழையபடி பார்த்துக்கலாம். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உண்மையச் சொல்றேன்.”

“சொல்லு. சொல்லித்தான் ஆகணும்,” என்றார் மாமா. “நான் வரல.”

“ஏன் மச்சான்? உங்க பட்டறை அது.”

“என் கையை நம்பலாம்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. உன் வாயை நான் எப்படி நம்பறது?” இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிப் பேசும் குரலிலேயே சொன்னார். “கவரை மூடினதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு நீ சொல்றதை வெச்சுத்தான் நான் வண்டியைக் குடுக்கணும்.”

அப்பா சொன்னபடி செய்தார். வண்டி விடுபவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னார். அவர் பயந்தது போலவே ஆட்கள் வருவது நின்றுபோயிற்று. சில மாதங்களில் பட்டறையை மூடி, வாடகை இடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டோம். அப்பா இப்போது லாரிகளுக்கு டயர் மாற்றும் இடத்தில் வேலை பார்க்கிறார். அம்மா அவருக்குச் சாப்பாடு போடுகிறாள், தேவையானதைப் பேசுகிறாள். அதற்குமேல் இல்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது.

மாமா ஊரின் மறுகோடியில், வேறொருவரின் பட்டறையில் செயின் வேலை மட்டும் செய்கிறார். உதவிக்கு ஆள் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். ஒரு காரின் கவரைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். டென்ஷனரின் முதல் போல்ட்டை இறுக்கினார், ரெஞ்ச் ‘டக்’ என்றது. இரண்டாவதை இறுக்கினார். பிறகு முதலாவதில் மறுபடி ரெஞ்சை வைத்தார். அது ‘டக்’ என்றது. இரண்டாவதில் வைத்தார். மறுபடி முதலாவதுக்குப் போனார்.

“மாமா, ஆயிடுச்சு. நான் பார்த்தேன்,” என்றேன்.

“தெரியும்,” என்றார்.

அந்தப் பட்டறை முதலாளி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பிப் போனார். மாமா மறுபடியும் ரெஞ்சை எடுத்தார்.